மாநகரில் கலைக்கு இடம் எங்கே?

கோலாலம்பூர் மாநகரில் தமிழர் கலை வளர்ந்துவிட்டது என்று மேடைதோறும் முழங்கப்படுகிறது. சான்று கேட்போருக்குப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் வண்ணத் தோரணங்களைக் காட்டுகின்றனர். புக்கிட் ஜாலில் அரங்கில் தமிழ்நாட்டுத் திரைக்கலைஞர்கள் வந்து நிகழ்த்தும் நட்சத்திர இரவுகளைக் காட்டுகின்றனர். பெரிய மண்டபங்களில் திருமணச் செலவுக்கு இணையான செலவில் நடந்தேறும் நடன அரங்கேற்றங்களையும் காட்டத் தவறுவதில்லை. இவற்றையெல்லாம் அடுக்கிவைத்துப் பார்ப்போருக்கு ஓர் உண்மை புலப்படாமற் போகாது. செந்தூலிலும் செகாம்புட்டிலும் ஜிஞ்சாங்கிலும் பந்தாய் டாலாமிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழும் பல்லாயிரம் தமிழர்களின் வாசலுக்கு இவற்றுள் ஒன்றேனும் வந்ததில்லை. கலை ஓரிடத்தில் இருக்கிறது. மக்கள் வேறோரிடத்தில் இருக்கின்றனர். இந்த இடைவெளியை வளர்ச்சி என்று எப்படி அழைப்பது?

பிரிக்பீல்ட்ஸை முதலில் எடுத்துக்கொள்வது முறை. 1881-ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் அத்தாப்புக் குடில்களை அழித்தபின், கோலாலம்பூரைச் செங்கல்லால் கட்டியெழுப்ப வேண்டியதாயிற்று. அதற்காக எரிந்த செங்கற்சூளைகளே இவ்வட்டாரத்துக்குப் பெயர் தந்தன. பின்னர் இரயில்வே வந்தது. தமிழகத்தினின்றும் யாழ்ப்பாணத்தினின்றும் வந்த தொழிலாளரும் எழுத்தரும் இங்கே குடியேறினர். அவர்களுக்காக எழுந்த அரசாங்கக் குடியிருப்பு வரிசைகளின் இடைவெளிகளிலேதான் பசனைக் குழுக்களும் நாடக ஒத்திகைகளும் நவராத்திரிக் கொலுக்களும் வளர்ந்தன. 1904-இல் தொடங்கிய விவேகானந்தர் ஆசிரமமும், அதனோடு பிணைந்த பள்ளிகளும் அவ்வாழ்வின் நடுத்தூண்களாயின.

இன்று நிலை என்ன? பழைய இரயில்வே நிலப்பரப்பில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் எழுந்தது. அதைச் சுற்றி வானளாவிய கட்டடங்கள் எழுந்தன. நூறு வீடுகள் என்று ஊரார் அழைத்துவந்த பழங்குடியிருப்பு இடிக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், இரு நாட்டுப் பிரதமர்கள் முன்னிலையில், இவ்வட்டாரம் 'லிட்டில் இந்தியா' எனத் திறந்துவைக்கப்பட்டது. 2015-இல் இந்திய அரசின் அன்பளிப்பாகத் தோரணவாயில் ஒன்றும் எழுந்தது. ஆக, குடியிருந்தவர்கள் வெளியேற வெளியேற அலங்காரம் பெருகிற்று. 2014-இல் விவேகானந்தர் ஆசிரம வளாகத்திலேயே அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் வெளிவந்தபோது பொதுமக்கள் திரண்டு எதிர்த்திராவிட்டால், அதன் முகப்பும் மற்றொரு அலங்காரமாகச் சுருங்கியிருக்கும்.

பூக்கடைகளும் துணிக்கடைகளும் உணவகங்களும் செழிப்பதைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வணிகம் வாழவேண்டும். எனினும், வணிகத் தெருவைப் பண்பாட்டுத் தெரு என்று பெயர்மாற்றி அழைத்துவிட்டு, பண்பாட்டுக் கடமை முடிந்தது என்று கைகழுவிக்கொள்வதுதான் பிழை. தூணுக்கு வண்ணம் பூசலாம்; அந்தத் தூணின்கீழ் ஒரு சிறுவன் மிருதங்கம் கற்பதற்கு வண்ணம் மட்டும் போதாது. அவ்வட்டாரத்தில் 1981 முதல் நுண்கலைக் கோயில் ஆற்றிவரும் பணி போற்றத்தக்கது. ஆயினும், ஒரு நிறுவனத்தின் உழைப்பை முழுச் சமுதாயத்தின் வெற்றியாகக் கணக்கெழுதுவது நேர்மையாகாது.

செந்தூலின் கதை இன்னும் கூர்மையானது. மலாய் இரயில்வேயின் மாபெரும் பணிமனை அங்கேதான் இருந்தது. இன்ஜின்களைப் பழுதுபார்த்த கைகளில் பெரும்பகுதி தமிழ்க் கைகள். பணிமனைச் சங்கொலி கேட்டு எழுந்து, அதே சங்கொலி கேட்டு உறங்கிய தலைமுறைகள் அங்கே வாழ்ந்தன. அந்த இரயில்வே நிலத்தின் பழைய கிடங்கொன்றைப் புதுப்பித்து, 2005-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் நிகழ்கலை மையம் திறக்கப்பட்டது. நல்ல அரங்கு; நல்ல ஒளியமைப்பு; பசுமை சூழ்ந்த இடம். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் அடுக்குமாடி வீடுகள். அந்தப் பக்கம் அந்த அரங்கு. பாட்டன் வேலைசெய்த இடத்தில் பேரன் நாடகம் பார்த்திருக்கிறானா? செந்தூல் தமிழ்ப் பிள்ளைகளை அழைத்துக் கேட்டால் பலர், 'அது வெள்ளைக்காரர் நாடகம் பார்க்கும் இடம்' என்றே விடை கூறக்கூடும். கதவு அடைத்திருப்பதாலன்று, அக்கதவு தமக்கும் உரியது என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லித்தராததாலேயே. சொல்லித்தரவேண்டியவர் யார்? அரங்க நிருவாகி ஒருவர் மட்டுமா? பள்ளியாசிரியருக்கு அதில் பங்கில்லையா?

பழைய தோட்டப்புற வாழ்வை எண்ணிப் பெருமூச்சு விடுவோர் பலர். அப்பெருமூச்சில் பாதி உண்மை, பாதி மயக்கம். தோட்டத்தில் வறுமை இருந்தது. கங்காணியின் ஆணவம் இருந்தது. லயத்துக்கு லயம் சாதிப் பிரிவும் இருந்தது. ஆனால் கலைக்கு இடமும் இருந்தது என்பதை மறுக்கவொண்ணாது. மாரியம்மன் கோயில் முன்றிலில் காமன் கூத்து நடந்தது. திருவிழாவுக்கு இரண்டு திங்கள் முன்பே நாடக ஒத்திகை தொடங்கியது. பால்மரம் சீவிய கை மாலையில் ஆர்மோனியம் வாசித்தது. ஐம்பதுகளில் தமிழவேள் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு வித்திட்ட மாணவர் மணிமன்றம், ஊர்தோறும் இளைஞர் மணிமன்றங்களாகக் கிளைத்தபோது, பேச்சும் கவிதையும் நாடகமும் படிப்பறிவு குறைந்த குடும்பங்களுக்குள்ளும் புகுந்தன. அங்கே கலைஞர் என்றும் இரசிகர் என்றும் தனித்தனிக் கூட்டம் இல்லை. இன்று கூத்தாடியவர் நாளை கூத்துப் பார்த்தார், அவ்வளவே.

அறுபதுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எஞ்சியவை பல, வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 ஆகக் குறைந்தமைக்கும் இதுவே முதற்காரணம். தோட்டத்தை விட்ட குடும்பங்கள் புறம்போக்குக் குடிசைகளில் சிலகாலம் வாழ்ந்து, பிறகு மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் அடுக்குமாடிகளில் ஏற்றப்பட்டன. பதினேழு, பதினெட்டு மாடிகள். ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 650 அல்லது 700 சதுர அடி. கூரை கிடைத்தது, குழாய்நீர் கிடைத்தது, மின்சாரம் கிடைத்தது. முன்றில் மட்டும் போயிற்று. ஆறுபேர் வாழும் வீட்டில் ஒரு பிள்ளை வயலின் பயில இயலுமா? மாடிப்படியில் அமர்ந்து பாடினால் மேல்மாடிக்காரர் வசைபாடுவார். வாகன நிறுத்துமிடத்தில் ஆடினால் காவலாளி விரட்டுவார். கீழ்த்தளத்துப் பல்நோக்கு மண்டபமோ திருமணத்துக்கும் பிறந்தநாளுக்கும் வாடகைக்கு விடப்படுவது. வாரத்தில் பலநாள் அது பூட்டியே கிடக்கிறது.

இத்தனை இடையூறுகளுக்கு நடுவிலும் அடுக்குமாடியில் பிறந்து, அடுக்குமாடியிலேயே வளர்ந்துள்ள கலை ஒன்று உண்டு. அதுவே உறுமிமேளம். அதன் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஆசிரியர் சிலர் முகம் சுளிப்பர். அந்தச் சுளிப்பையே இக்கட்டுரை கேள்விக்குள்ளாக்குகிறது.

உறுமி எளிய கருவியன்று. இடை ஒடுங்கிய இருமுகப் பறை அது. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து உறுமவைக்கவேண்டும். அதே வேளையில் மறுமுகத்தை மற்றொரு குச்சியால் அடித்துத் தாளம் காட்டவேண்டும். தேய்க்கும் அழுத்தம் இம்மியளவு மாறினாலும் ஒலி சிதறிவிடும். அதனோடு பம்பையும் தவிலும் இணையும்போது, பத்துப் பதினைந்து பேர் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசிக்கவேண்டும். இதை அவர்களுக்குக் கற்பித்த நிறுவனம் யாது? பெரும்பாலும் எதுவுமில்லை. அண்ணன் தம்பிக்குக் கற்பித்தான். ஒரு மாடிக்காரன் மறுமாடிக்காரனுக்குக் கற்பித்தான். பகுதிநேர வேலையில் ஈட்டிய வெள்ளியைச் சேர்த்துக் கருவி வாங்கினர். தோல் கிழிந்தால் தாமே மாற்றினர். பள்ளியில் ஓரிடத்தில் அரைமணி நேரம் அமர மறுக்கும் அதே மாணவன், தைப்பூசத்துக்கு முன்னர் ஒவ்வோர் இரவும் மூன்று மணி நேரம் பயிற்சிக்கு நிற்கிறான். கல்வியியல் கற்ற ஆசிரியர்கள் இதைக் கண்டு வியக்கவேண்டாமா? அவன் சோம்பேறி என்று நன்னடத்தைச் சான்றிதழில் எழுதுவதற்குமுன் ஒருமுறை எண்ணிப்பார்க்கவேண்டாமா?

எதிர்வாதங்கள் பல. இரைச்சல் என்பது ஒன்று. உண்மைதான், பதினெட்டு மாடிக் கட்டடத்தின் அடியில் இரவு பத்து மணிக்குப் பம்பை முழங்கினால், காலையில் வேலைக்குச் செல்லும் மலாய் அண்டைவீட்டாரும் சீன அண்டைவீட்டாரும் தமிழரும் ஒருங்கே துன்புறுவர். அது இடம் இல்லாமையின் விளைவு, கலையின் குற்றமன்று. பயிற்சிக்கு மூடிய மண்டபமும் முறையான நேரமும் கிடைத்தால் இக்குறை நீங்கும். கும்பல்களின் நிழல் சில குழுக்கள்மீது விழுந்துள்ளது என்பது மற்றொன்று. அதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் ஆசிரியரும் பெற்றோரும் கைவிட்ட இடத்தில் வேறு எவர் வந்து நிற்பார் என்று எதிர்பார்த்தனர்? பிள்ளைக்குக் கருவி வாங்கித் தந்தவன் எவனோ, அவன் சொல்லுக்குத்தான் பிள்ளை கட்டுப்படும்.

வெளியே சொல்லப்படாத மூன்றாவது வாதம் ஒன்று உண்டு. தோல்கருவியைச் சாவுக்கொட்டு என்று ஒதுக்கிய பழஞ்சாதிப் பார்வை, கப்பலேறி மலாயா வந்து, தோட்டத்தில் தங்கி, இன்று நாகரிகம் என்னும் சட்டையணிந்து பள்ளிக்குள்ளும் நடமாடுகிறது. 'இது கோயில் கலை, இது தெருக்கலை' என்று தரம்பிரிப்போர் தாம் எந்த அளவுகோலால் அளக்கின்றனர் என்பதைத் தாமே சோதித்துக்கொள்ளட்டும். அவர்கள் உயர்த்திப் பிடிக்கும் பரதநாட்டியத்தின் வரலாறும் அவ்வளவு தொலைவில் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே ஆடலைக் கண்டு 'நல்ல குடும்பத்தார்' காதையும் கண்ணையும் பொத்திக்கொண்டனர். 1936-இல் கலாக்ஷேத்திரம் தோன்றிய காலத்தில்கூட, குடும்பப் பெண்கள் மேடையேறலாமா என்ற வழக்கு ஓய்ந்திருக்கவில்லை. அந்த ஆடலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த குலத்தாருக்கு அதன் மதிப்பில் உரிய பங்கு கிடைக்கவுமில்லை. அதே தவறு உறுமிக்கும் நேரவேண்டுமா? ஐம்பது ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் இதைச் செம்மைப்படுத்தி, நுழைவுச்சீட்டு விற்று மேடையேற்றும்போது, செந்தூல் அடுக்குமாடிப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் வெளியே நிற்கவேண்டுமா?

சீனச் சமுதாயத்தின் ஓர் எடுத்துக்காட்டு ஈண்டு கருதத்தக்கது. 1988-ஆம் ஆண்டில் ஜொகூர் பாருவில், இசைவாணர் தான் ஊய் சோங் என்பாரும் கவிஞர் தான் சாய் புவான் என்பாரும் இருபத்துநான்கு பருவ முரசுகள் என்னும் கலையை உருவாக்கினர். சீன வேளாண் நாட்காட்டியின் இருபத்துநான்கு பருவப் பெயர்களை ஒவ்வொரு முரசின்மீதும் தூரிகையால் எழுதி, இளைஞர் கூட்டமாக நின்று முழக்கும் கலை அது. இந்நாட்டு மண்ணில் பிறந்த புதுக்கலை. அதை அங்கேயுள்ள ஒரு சீன உயர்நிலைப்பள்ளி தன் வளாகத்துக்குள் ஏற்றுக்கொண்டது. பள்ளிக்குப் பள்ளி பரவியது. 2009-இல் அது நாட்டின் தேசிய மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. இன்று வெளிநாடுகளிலும் அது முழங்குகிறது. அவர்களுக்கும் இரைச்சல் சிக்கல் இருந்திருக்கும்; மின்கட்டணமும் இருந்திருக்கும். அங்கே பள்ளி முரசை உள்ளே அழைத்தது. இங்கே பள்ளி உறுமியை வாயிற்கதவுக்கு வெளியே நிறுத்தியது. விளைவில் காணும் வேற்றுமைக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

தமிழ்ப்பள்ளியின் இசைக்கல்விப் பாடத்தில் பிள்ளைகள் ரெக்கார்டர் குழல் ஊதக் கற்கின்றனர். கற்கட்டும், தீங்கில்லை. அதே வகுப்பில் உறுமி வாசிக்கத் தெரிந்த மூவர் அமர்ந்திருக்கக்கூடும். அவர்களை எழுந்து வந்து வகுப்புக்கு வாசித்துக்காட்டச் சொன்ன ஆசிரியர் எத்தனைபேர்?

இனி, நட்சத்திர இரவுகளைப் பற்றிச் சுருங்கக் கூறிவிடலாம். அவை கேளிக்கை, கேளிக்கைக்குப் பணம் செலவிடுவது அவரவர் உரிமை. ஆனால் ஓரிரவு நிகழ்ச்சிக்கு நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்துச் சீட்டு வாங்கும் அதே கை, உள்ளூர் நாடகக் குழு இருபது வெள்ளிக்குச் சீட்டு நீட்டும்போது இலவச அழைப்பிதழ் கேட்கிறது. இந்த மனப்பான்மை நீங்காதவரை உள்ளூர்க் கலைஞன் பகலில் வேறு வேலைக்குச் செல்வான், மாலையில் களைத்துவந்து ஒத்திகை பார்ப்பான், ஒருநாள் நிறுத்திவிடுவான்.

நகர நடுவில் இடமே இல்லை என்பாருமுளர். அதுவும் முழு உண்மையன்று. 1937-இல் எழுந்த மத்தியச் சந்தைக் கட்டடம் 1986 முதல் கலைச்சந்தையாக இயங்குகிறது. பெட்டாலிங் தெருவை ஒட்டிய பழைய ரெக்ஸ் திரையரங்கு கலைக்கூடமாக உருமாறியுள்ளது. பண்பாட்டுப் பொருளாதாரத்தை வளர்க்க 2017-இல் செண்டானா என்னும் அமைப்பு தோன்றி, கலைஞர்களுக்கு நல்கை வழங்கிவருகிறது. இவற்றின் கதவுகளை முறையான விண்ணப்பத்தோடும் செலவுத் திட்டத்தோடும் தட்டிய தமிழ் இயக்கங்கள் எத்தனை? அமைச்சரைக் கண்டு மாலையணிவித்து மகசர் கொடுப்பதில் கைதேர்ந்தவர்கள், நான்கு பக்க விண்ணப்பப் படிவத்தைக் கண்டு அஞ்சுவது விந்தையே. படிவம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் அதை நிரப்பித் தரக்கூடிய ஆசிரியர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கின்றனர். அவர்களை எவரும் கேட்பதில்லை என்பதே குறை.

நகர நடு தமிழருக்கு அயலிடமும் அன்று. ஆண்டுதோறும் தைப்பூசத்தை ஒட்டிய ஓரிரவில், துன் எச்.எஸ். லீ சாலை மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளிரதம் புறப்பட்டு, மாநகரின் தெருக்கள் வழியே பத்துமலை நோக்கிச் செல்கிறது. அவ்விரவு முழுதும் குடியிருப்புகள் நகர நடுவுக்கு வருகின்றன. தண்ணீர்ப் பந்தல் அமைப்பவர், கோலாட்டம் ஆடுபவர், பாடுபவர் ஆகிய அனைவரும் தெருவின் உரிமையாளர் ஆகின்றனர். விடிந்ததும் கலைந்துவிடுகின்றனர். ஓரிரவில் இயல்வது ஆண்டின் மற்ற நாள்களில் ஏன் இயலாது என்று சங்கத் தலைவர்கள் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

எங்கிருந்து தொடங்குவது? கூட்டரசுப் பிரதேசத்தில் 15 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மண்டபமோ, திறந்த திடலோ, குறைந்தது ஒரு நீண்ட உணவுச்சாலையோ இல்லாத பள்ளி அரிது. பிற்பகல் நடவடிக்கைகள் முடிந்ததும் அவை இருளில் மூழ்குகின்றன. வாரத்தில் ஈரிரவு, ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை, அவற்றைச் சுற்றுப்புறக் குடியிருப்புகளுக்குத் திறந்துவிடவேண்டும். ஓரிரவு உறுமியும் தவிலும். மற்றோரிரவு நாடகமோ கோலாட்டமோ சிலம்பமோ. கற்பிப்பவர் அதே குடியிருப்பின் கலைஞராக இருத்தல் நலம். அவருக்குச் சிறிதேனும் ஊதியம் வழங்குதல் கடமை. 'சேவை' என்ற சொல்லைக் காட்டிக் கலைஞனை ஏமாற்றும் வழக்கம் ஒழியவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை இக்குழுக்கள் மத்தியச் சந்தையிலோ செந்தூல் அரங்கிலோ மேடையேறட்டும். அம்மேடைக்கு மலாய், சீன அண்டைவீட்டாரின் குழுக்களையும் அழைக்கவேண்டும். மாடிப்படியில் நாள்தோறும் சந்திப்பவர்கள் மேடையிலும் சந்திப்பதில் புதுமையொன்றுமில்லை.

உடனே தலைமையாசிரியர்களின் பட்டியல் நீளும். கல்வி இலாகாவின் அனுமதி, காவலாளியின் மிகைநேர ஊதியம், உடையும் நாற்காலி, எரியும் விளக்கு, இரவில் வந்துபோவோரின் பாதுகாப்பு. இவை பொய்யான தடைகள் அல்ல. ஆனால் இதே மண்டபம் தேர்தல் வாக்களிப்புக்குத் திறக்கிறது. திருமண விருந்துக்கு வாடகைக்கு விடப்படுகிறது. வெள்ளப் பேரிடரின்போது துயர்துடைப்பு மையமாகிறது. அப்போதெல்லாம் கிடைக்கும் அனுமதி, கலைக்கு மட்டும் கிடைக்காது என்று கேட்பதற்கு முன்பே முடிவுகட்டுவது ஏன்? பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி மேலாளர் வாரியமும் ஒப்புதல் தந்து, பொறுப்பாளர் இருவரைப் பெயர் குறித்து எழுதிக்கொடுத்தால், மறுப்பதற்கு அதிகாரிகளும் ஒரு காரணம் தேடவேண்டியிருக்கும்.

பணத்துக்கு வழி? 1950-களில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்குத் தமிழ் நூலகம் வேண்டுமென்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டப்பட்டது. பல்கலைக்கழக வாசலையே மிதித்தறியாத தொழிலாளர்கள் அதற்கு ஒரு வெள்ளி, ஒரு வெள்ளியாகக் கொடுத்தனர். 1960-இல் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி வீதம் பங்குப்பணம் திரட்டித் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். இன்று தலைநகரில் எழுத்தாளர்கள் நூல்வெளியீடு நடத்தும் சோமா அரங்கம் அச்சங்கத்துக்குச் சொந்தம். அஃதாவது பால்மரம் சீவியவர்களின் பத்து வெள்ளிக்குச் சொந்தம். அம்மண்டபத்துக் குளிரில் அமர்ந்து இலக்கியம் பேசுவோர் இதை மறக்கலாகாது. அதைவிட மிகுந்த ஊதியம் பெறும் இன்றைய பெற்றோரிடம், பள்ளி மண்டபத்தின் ஈரிரவு விளக்குச் செலவுக்காகக் குடும்பத்துக்கு மாதம் ஐந்து வெள்ளி கேட்பது மிகையாகாது. உறுமி வாங்கத் தாமே பணம் சேர்த்த பிள்ளைகள் அந்தப் பங்கைக் கொடுக்கத் தயங்கமாட்டார்கள். தயக்கம் இருப்பின் அது அரங்கேற்றத்துக்குக் கடன்வாங்கும் வீடுகளிலேயே இருக்கக்கூடும். அவ்வீடுகளுக்கு ஆசிரியர்களே நேரில் சென்று பேசவேண்டியிருக்கும்.